செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மின்சாரம் தரும் சிறு காற்றாலையை நாமே செய்வதற்கே போனதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 2.4 மீட்டர், மூன்று மர இறக்கைகள். பழைய கார் சக்கரத்தின் ஹப்பும் பேரிங்கும் அச்சாயின. இரண்டு இரும்புத் தட்டுகளில் தலா 12 நியோடிமியம் என்ற வலுவான காந்தங்கள். இடையில் ரெசினில் வார்த்த 9 காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள்; காந்தங்கள் சுற்றும்போது இவற்றில்தான் மின்சாரம் பிறக்கிறது. காந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கும் வேகத்தில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். அதனால் நீள போல்ட்டுகளைத் திருகித் திருகி, முடியளவு முடியளவாகத்தான் மேல்தட்டை இறக்கினோம்.

இறக்கைகளைப் பூட்டிச் சுழற்றிவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே இறக்கைதான் கீழே வந்து நின்றது. எதிர்ப்பக்கம் சிறு ஈயத் துண்டை வைத்து, நகர்த்தி, மறுபடி சுழற்றி, எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தார்கள் நம் இளைஞர்கள். இன்று கம்பம் அதிராமல் நிற்கிறது என்றால் அந்தப் பொறுமைதான் காரணம்.

பிழை செய்தது இடத்தில். வசதியாக இருக்கிறதே என்று கட்டடத்தின் மொட்டைமாடியில் நிறுத்தினோம். சுவரில் மோதிச் சுழித்து வரும் காற்றில், இறக்கைகளைக் காற்றை நோக்கித் திருப்பும் வால் இப்படியும் அப்படியும் அலைந்தது. இறக்கை சுற்றியதே தவிர பேட்டரி ஏறவில்லை. கீழ் அறையில் படிப்பவர்களுக்குச் சுவர் வழியாக இரைச்சல் வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். நம் அளவு இறக்கைக்கு நொடிக்கு 5 மீட்டர் காற்றில் ஏறக்குறைய 100 வாட் எதிர்பார்க்கலாம். 3 மீட்டரில் 20 வாட்டே அதிகம். எத்தனை நேர்த்தியாகச் செதுக்கினாலும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஆகவே இறக்கையைத் திருத்துவதை விட்டுவிட்டு, திறந்தவெளியில் 12 மீட்டர் கம்பம் நட்டு, நான்கு பக்கமும் இழுவைக் கம்பி கட்டினோம். அன்று மாலையே பேட்டரி ஏறியது. இப்போது வாசிப்பறை விளக்குகள் அதில்தான் எரிகின்றன.

ஒரு விபத்தையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். பலத்த காற்றடித்த நாளில், பேட்டரியின் முனைகளைத் துடைப்பதற்காக அதன் இணைப்பைக் கழற்றிவிட்டோம். இழுக்கும் சுமை இல்லாததால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றி அலறியது. யாரும் பக்கத்தில் போகாமல் காத்திருந்து, காற்று தணிந்த இடைவெளியில் காயில்களிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் ஒன்றாக இணைத்து நிறுத்தினோம். யாருக்கும் அடிபடவில்லை. முதலில் அந்த ஒயர்களை இணைத்து இறக்கையை நிறுத்தும் பிரேக் சுவிட்ச், பிறகுதான் பேட்டரியைக் கழற்றுவது என்பது இனி கட்டாயம். பேட்டரி நிரம்பியபின் மின்சாரத்தைத் திருப்பிவிட ஹீட்டர் சுருளும் பொருத்தியாயிற்று.

வரும் ஆண்டில் இரண்டாவது காற்றாலை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் ஓர் ஆண்டு அதை நிறுத்தவிருக்கும் இடத்தில் காற்றை அளந்து குறித்துவைப்போம் என்பது என் உறுதியான கருத்து. காற்றுமானி ஒன்று வாங்க அவையின் ஒப்புதலைக் கோருகிறேன். மாதம் ஒருமுறை போல்ட்டுகளையும் இழுவைக் கம்பிகளையும் இறுக்கிப் பார்க்க இருவர் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

இவண்,
செயலாளர்