கதிரையைப் பின்னால் பிடித்தவர்களுக்கு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

திருகோணமலையில் சக்கரக் கதிரைக் கேர்லிங் பயிற்சிக்கென்று தரைப்பாதை போட்டுத் தந்தவர்கள், கல் வார்த்தவர்கள், கோல் செய்தவர்கள், பின்னேரங்களில் மண்டபக் கதவைத் திறந்துவிட்டவர்கள் எல்லோருக்குமாக இந்த மடல். கேர்லிங் என்பது ஐஸ் தளத்தில் பிடி வைத்த கனமான கல்லை வழுக்கவிட்டு, தூரத்தில் கீறிய வளையங்களின் நடுவில் நிறுத்தப் பார்க்கும் விளையாட்டு. சக்கரக் கதிரையில் இருந்து ஆடும்போது கல்லைக் கோலால் தள்ளுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டீர்கள். செய்த வேலையைச் சொன்னாலே ஆள் யாரென்று ஊருக்கு விளங்கும்.

முதல் நன்றி, கதிரைக்குப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டவர்களுக்கு. சாதாரண கேர்லிங்கில் ஓடும் கல்லுக்கு முன்னால் இருவர் தளத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும், வளைவும் குறையும். சக்கரக் கதிரைக் கேர்லிங்கில் தேய்ப்பு கிடையாது. கோலை விட்டுக் கல் போனால் போனதுதான். புறப்படும்போது ஒரு பாகை பிசகினால் 30 மீற்றர் தாண்டும்போது அது அரை மீற்றராகிவிடும். நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள சின்ன வளையத்தின் ஆரையே 61 சென்ரிமீற்றர்தான்.

கல்லை முன்னால் தள்ளும்போது கதிரை பின்னால் போகப் பார்க்கும். விதிப்படி கதிரை அசையாமல் நிற்க வேண்டும், பாதமும் தளத்தில் படக்கூடாது. பிறேக் மட்டும் போதாது. அதனால்தான் சக வீரர் தன் கதிரையைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, பிறேக்கைப் போட்டுவிட்டு, முன்கதிரையைப் பிடித்துக்கொள்கிறார். எங்கள் மண்டபத்தில் இதைச் செய்தவர்கள் கண்டுபிடித்த இரண்டு விசயங்களை எழுதியே ஆகவேண்டும். ஒன்று, கதிரையின் முதுகிலுள்ள தள்ளுபிடியில் பிடிக்கக்கூடாது. அது உயரத்தில் இருப்பதால் கதிரை முன்பின்னாக ஆடும். பெரிய சக்கரத்தைத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். மற்றது, பிறேக் போடுவதற்கு முன் கதிரையை ஒரு சாண் பின்னால் உருட்ட வேண்டும். அப்போது முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் முன்பக்கம் திரும்பி நிற்கும், குனிந்து தள்ளும்போது கதிரை கவிழாது. அவை பின்பக்கம் திரும்பியிருந்தால், உடம்பு முன்னால் சாயும் அந்த நொடியில் கதிரையின் முன்பக்கம் விலகிவிடும், குறியும் போய்விடும். ரயரில் காற்றுக் குறைந்தாலும் இதே வில்லங்கம்தான். கேட்ட நேரமெல்லாம் காற்றடித்துத் தந்த சைக்கிள் கடைக்காரருக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

2010 வான்கூவரிலும் 2014 சோச்சியிலும் கனடா அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றவர் ஜிம் ஆம்ஸ்ட்ரோங். இந்த விளையாட்டு பாராலிம்பிக்கில் முதன்முதல் வந்தது 2006 இல், தூரினில். அந்த ஆண்டு தொடங்கி 2014 வரை மூன்று தங்கமும் கனடா அணி வீராங்கனை சோன்யா கோடேக்குக் கிடைத்தன. 2018 பியோங்சாங் இறுதிப் போட்டியில் வாங் ஹைதாவோவின் சீன அணி நோர்வேயை 6-5 என்று வென்றது. குளிர்கால பாராலிம்பிக்கில் சீனாவின் முதல் பதக்கமே அதுதான். 2022 பெய்ஜிங்கிலும் தங்கம் அவர்களுக்கே. இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையின் திறமையைத்தான் பேசுகிறார்கள். அணியில் நால்வர், ஆணும் பெண்ணும் கலந்து. ஒரு சுற்றில் ஆளுக்கு இரண்டு கல். தன் கல் இல்லாத நேரத்தில் மற்றவரின் கதிரையைப் பிடிப்பவரும் இந்த நால்வரில் ஒருவரே. புள்ளிப் பலகையில் அதற்கு இடமில்லை.

கல் வார்த்த மேசன் அண்ணருக்கு அடுத்த நன்றி. உண்மையான கல் கருங்கல், 17.24 கிலோவுக்குக் குறையாது, 19.96 கிலோவுக்கு மிஞ்சாது. நமக்கு ஐஸ் தளம் இல்லை. சீமெந்துத் தரையில் உருளும் கல்தான் வேண்டும். 28 சென்ரிமீற்றர் அகல பேசினில் 6 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வார்த்தால் ஏறக்குறைய எட்டரைக் கிலோ வரும். அடியில் எப்பக்கமும் சுழலும் இரும்புக் குண்டு உருளைகள் மூன்று. நான்கு பூட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தால் நான்கில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், கல் தடதடக்கும். மூன்று எப்போதும் தரையில் பதியும். கடற்கரை மணலைத் தொடவிடாமல் ஆற்று மணல்தான் வேண்டும் என்று அண்ணர் பிடிவாதமாக நின்றதும் சரி. உப்பு மணல் என்றால் பிடியின் போல்ட் துருப்பிடித்துக் கழன்றிருக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உருளைக்குள் தூசி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கூட விட்டால் தரையில் கோடு விழும், அடுத்த கல் அந்தக் கோட்டில் வழுக்கும்.

கோல் ஒட்டு வேலை செய்யும் தம்பியின் கைவண்ணம். விதிப்படி கோல் கையின் நீட்சியாகத்தான் இருக்கலாம். சுருள்வில் மாதிரி உந்தித்தள்ளும் எதுவும் கூடாது. அலுமினியக் குழாயின் நுனியில் கல்லின் பிடியைக் கவ்வும் கவை. கவை இறுகினால் விடும்போது கல்லைப் பக்கவாட்டில் இழுக்கும், தளர்ந்தால் புறப்படும்போதே கல் ஆடும். கனடாவிலிருந்து அளவோடு படம் எடுத்து அனுப்பிய உறவுகள் இல்லையென்றால் இதில் நிறைய அலுமினியம் வீணாகியிருக்கும்.

வளையங்களைக் கீறித் தந்த மாணவர்களே, ஆரை 183, 122, 61, 15 சென்ரிமீற்றர் என்று நான்கும் பிசகாமல் வந்திருக்கிறது. நைலோன் நூல் இழுபடும் என்று சொல்லி, ஆணித்துளை போட்ட மரச்சட்டத்தைச் சுற்றிக் கீறியது நல்ல யோசனை. முழுப் பாதையின் நீளம் 45.72 மீற்றர், அது மண்டபத்தில் அடங்காது. ரைல் பதித்த மண்டபம் ஒன்று எங்கள் மண்டபத்தைவிட நீளமாகக் கிடைத்தும் வேண்டாம் என்றோம். ரைல் இடுக்கில் உருளை விழுந்தால் கல் திசை மாறும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஐஸ் தளத்தில் மெல்லச் சுழன்றபடி போகும் கல், சுழலும் பக்கமாகவே வளையும். தரையில் அந்த வளைவு வராது. இங்கே பழகுவது நேர்கோடும் வேகமும் கதிரையை அசையாமல் வைப்பதும் மட்டுமே.

இயன்மருத்துவ அக்காவின் கட்டளைகள் இப்போது சுவரில் ஒட்டியிருக்கின்றன. அரை மணிக்குள் ஒருதரமாவது முன்னால் சாய்ந்து, இருக்கையில் விழும் அழுத்தத்தை ஓரிரு நிமிடம் எடுக்க வேண்டும். கழுத்திலோ மேல்முதுகிலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராது. நமது வெக்கைக்கு ஈரத்துணியும் மின்விசிறியும் கட்டாயம். தாகம் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணன்மாருக்கு நன்றி. கதிரையைக் கைதாங்கியில் பிடித்துத் தூக்கவேண்டாம், அது கழன்று வரும், சட்டத்தில் பிடியுங்கள். வாசற்படி 15 சென்ரிமீற்றர்தானே என்று குட்டிப் பலகை போடாமல் 1.8 மீற்றரில் சரிவுப் பலகை அடித்துத் தந்த தச்சருக்கும் நன்றி.

கற்கள் மண்டபத்தின் பின்னறையில், உருளை மேலே பார்த்தபடி சாக்கில் மூடி வைக்கப்பட்டுள்ளன. கோல்களைச் சுவரில் சாய்க்காமல் படுக்க வைத்திருக்கிறோம். பயிற்சி இல்லாத நாட்களில் யாரும் எடுத்து விளையாடலாம். திறப்பு மண்டபக் காவலாளி ஐயாவிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
சக்கரக் கதிரைக் கேர்லிங் பழகுவோர்,
திருகோணமலை