ஆறரைக் கட்டைச் சுருதி

காரைக்குடி,
தை மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி வயலின் கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்ற செய்தியை இரண்டு முறை படித்தேன். உனக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும் மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது. இங்கே அனைவரும் நலம். சில மாதங்களாக என்னை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் பகுதித் தொடக்கப்பள்ளி ஒன்றில் இசை வகுப்பு எப்படி நடக்கிறது, அதை எப்படிச் சீர்ப்படுத்தலாம் என்று பார்த்துச் சொல்லும்படி பள்ளி மேலாண்மைக் குழுவினர் ஆவணியில் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்த சுப்பராம ஐயரும் அவர் தம்பி சாம்பசிவ ஐயரும் இந்த ஊரின் பெயரைச் சங்கீத உலகமெங்கும் கொண்டு சென்றவர்கள். தமிழிசைச் சங்கம் 1943இல் சென்னையில் தோன்றக் காரணமாக இருந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பக்கத்துக் கானாடுகாத்தான்காரர். இந்தப் பெருமைகளையெல்லாம் ஆண்டுவிழா மேடையில் தவறாமல் சொல்கிறோம். ஆனால் மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வாய்விட்டுப் பாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் போய், வகுப்பின் பின்வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நான் முதலில் குறித்துக்கொண்டது, பாடவேளையில் பிள்ளைகளின் குரல் கேட்ட நேரம் கால்வாசிகூட இல்லை என்பதுதான். மீதி நேரமெல்லாம் வரிகளைக் கரும்பலகையில் எழுதுவதிலும், ஆண்டுவிழாவுக்கெனப் பொறுக்கியெடுத்த பத்துப் பிள்ளைகளைத் திருத்துவதிலும் கழிந்தது. மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரம், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உற்சாகத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது, அவன் சுருதி சேராததைக் கண்ட ஆசிரியை, "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும், கண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவன் அதற்குப் பிறகு வாயைக்கூட அசைக்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லின் பூக்களை விரலால் வரைந்துகொண்டிருந்தான். நான்காம் வகுப்பில் எனக்கும் இதே சொல் சொல்லப்பட்டதும், கல்லூரி விடுதியில் நீ வற்புறுத்தும்வரை நான் யார் முன்னும் பாடாமலிருந்ததும் உனக்குத் தெரியும். அன்று வீடு வந்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சிறுவனை வாசலுக்கு அழைத்துப் போய், தெருக்கோடியில் போகும் நண்பனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடச் சொன்னேன். "வாடா..." என்று நீட்டிக் கூப்பிட்டான். குரல் மணிபோல் இருந்தது. அந்த ஒலியோடு சுருதியைச் சேர்த்துப் பார்த்தேன். சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஏறக்குறைய ஆறரைக்கு வந்தது. வகுப்பில் சுருதிப்பெட்டி இருந்ததோ அதைவிடத் தாழ்ந்த நான்கு கட்டையில்! அது ஆசிரியையின் குரலுக்கு இதமான சுருதி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆதார சட்ஜம், அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ஸ', தொண்டைக்கு எட்டாத பள்ளத்தில் இருக்கிறது. எட்டாதபோது அவன் முணுமுணுப்பான், அல்லது கத்துவான், நாம் அதைச் சுருதி ஞானம் இல்லை என்று எழுதிவிடுவோம். பெட்டியை ஆறரைக்கு உயர்த்திய அன்றே, குரலே இல்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களில் பாதிப் பேர் சேர்ந்து பாடினார்கள். இதை முதலில் கவனித்து என்னிடம் சொன்னவர் அந்த ஆசிரியைதான். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவருக்குக் கற்றுத்தந்தவர்கள் பெரியவர்களின் சுருதியிலேயே கற்றுத்தந்திருந்தார்கள்.

கூடத்தில் எதிரொலி மிகுதி. உயர்ந்த கூரையும் வழவழப்பான தரையுமாக, பாடிய சுரம் சுற்றிச் சுற்றி வந்ததால் பக்கத்திலிருப்பவன் பாடுவது காதில் விழாது. கோரைப்பாய்களை விரித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தோம். காசில்லாத வேலை, நல்ல பலன்.

பாடமுறையைப் பற்றி நீ என்னோடு சண்டைக்கு வருவாய் என்று எதிர்பார்க்கிறேன். கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சிக்குப் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் வரிசையை நான் தள்ளவில்லை. ஆனால் அந்த வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்தில், சட்ஜத்தை ஒட்டிய சுத்த ரிஷபம் என்ற 'ரி'யையும், அங்கிருந்து தாவிச் செல்லும் அந்தர காந்தாரம் என்ற 'க'வையும் ஆறு வயதில் தொடங்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். அங்கேரி நாட்டு இசையறிஞர் ஸோல்டான் கோடாய் (1882–1967), பிள்ளைகள் தங்கள் மண்ணின் நாட்டுப்பாடல்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், இரண்டு மூன்று சுரங்களில் ஆரம்பித்து ஐந்து சுரங்களுக்கு ஏற வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அந்த ஐந்து சுரங்கள் நமக்கு மோகன ராகமாகவே இருக்கின்றன. ஆகவே ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கும்மி, கோலாட்டம், தாலாட்டு, பக்கத்து ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், அவற்றோடு கைதட்டித் தாளம். சுரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் முதல் பயிற்சியான சரளி வரிசை நான்காம் வகுப்பில். இதுதான் நான் எழுதிக்கொடுத்த திட்டம். ஆச்சிமார் இருவர் பள்ளிக்கு வந்து, ஏட்டில் ஏறாத தாலாட்டுகளைப் பாடிக் காட்டியபோது பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். கேட்பதும் பாடம்தானே.

தூணில் சாய்ந்திருந்த அந்தச் சிறுவனுக்கு முளைப்பாரிக் கும்மி முழுவதும் மனப்பாடம். அவனுடைய அப்பத்தா பாடிப் பாடி வந்தது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை விரல் எண்ணிப் போடத் திணறியவன், கும்மி அடிக்கும்போது ஓர் அடிகூடத் தவறவில்லை. இப்போது அவனை முன்னால் நிறுத்தி மற்றவர்களைப் பின்பாடச் சொல்கிறோம்.

இனி மதிப்பிடுவதற்கு எதை வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். மதிப்பெண் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் பருவத் தொடக்கத்தில் பாடிய நான்கு வரியையும் முடிவில் பாடிய நான்கு வரியையும் கைப்பேசியில் பதிந்து பெற்றோருக்குக் கேட்கக் கொடுக்கலாமா? இசை ஆசிரியை வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். மற்ற நாள்களில் வகுப்பாசிரியர்கள் காலையில் பத்து நிமிடம் பாடவைக்க இசைந்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கே பாடக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் போக்க உன்னைவிடப் பொருத்தமானவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா வருகிறது. ஒரு வாரம் முன்னதாகவே வந்து எங்கள் வீட்டில் தங்கு. கல்லூரி நாளில் கும்மிப் பாட்டுகளை நீ எழுதி வைத்திருந்த அந்தப் பச்சை அட்டை நோட்டைத் தேடி எடுத்து வா.

உன் வரவை எதிர்நோக்கும்,
அன்புத் தோழி.