லேபிள் அச்சுக்குப் போகுமுன்

செம்பூர், மும்பை

அன்புள்ள மீனா,

பொடி டப்பா லேபிளின் மாதிரியைச் சித்திதான் காட்டினாள். எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கப்போவதில்லை. எழுத்தும் நிறமும் பிரமாதம். நம் வீட்டில் யாருக்கும் வராத கை உனக்கு. ஆனால் க்யூஆர் கட்டத்துக்குள், நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் பிட்லி சேவையின் இலவச முகவரியை வைத்திருக்கிறாய். அதை மட்டும் மாற்றிவிடு, அம்மாடி.

சுருக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. தமிழ் எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 குறி, காசும் துண்டுக்குத் துண்டு. அங்கே நீளமான ஆர்டர் ஃபாரம் முகவரி பாதி இடத்தைத் தின்றுவிடும். க்யூஆரிலும் முகவரி நீள நீளக் கட்டங்கள் பொடிசாகும், வளைந்த டப்பாவில் பழைய போன் தடுமாறும். 2 சென்டிமீட்டருக்குக் குறைக்காதே. சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளை விடு.

ஆனால் அச்சடித்ததைத் திருத்த முடியாதே. 2009-ல் வந்த கூகுளின் கூ.ஜிஎல் சேவையில் 2019-க்குப் பிறகு புதிதாக எதையும் சுருக்க முடியவில்லை. பழைய இணைப்புகளும் 2025 ஆகஸ்ட் 25-உடன் நிற்கும் என்று 2024-ல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில், புழக்கத்தில் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். கூகுளே அப்படி என்றால், இலவசக் கணக்கை நம்பி டப்பா அடிக்கலாமா?

உன் டொமைனிலேயே, அதாவது உன் சொந்த இணையப் பெயரிலேயே, சின்னதாக ஒரு வழி போடு: பெயர், சாய்கோடு, இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்தைக் கலக்காதே, கையால் தட்டுகிறவர்கள் தவறவிடுவார்கள். அதிலிருந்து ஃபாரத்துக்குத் திருப்பிவிடுவதற்கு 301 (நிரந்தரத் திருப்பம்) வேண்டாம், 302 (தற்காலிகத் திருப்பம்) வை. 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு ஃபாரத்தை மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகும்.

மல்லேஸ்வரம் மாமிகள் உன் கடைப் பெயர் தெரிந்தால்தான் தொடுவார்கள். கேஒய்சி மோசடிக்காரர்களும் சுருக்கிய இணைப்பைத்தானே அனுப்புகிறார்கள்! உனக்கு அப்படி பிட்லி இணைப்பு வந்தால் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திற, எங்கே போகிறது என்று காட்டும். எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் இணைப்பை முன்கூட்டிப் பதிந்து ஒப்புதல் வாங்கு. 2024 அக்டோபர் முதல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி அது.

இன்னொன்று. டொமைனை எந்த மெயிலில் பதிந்தாய்? ஆபீஸ் மெயில் என்றால் இன்றைக்கே மாற்று. கட்டணம் சம்பளக் கணக்குக் கார்டில் போகிறதா? அதையும் மாற்று. ரினிவல் தவறினால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள், உன் டப்பா அவர்கள் பக்கத்தைத் திறக்கும். ஆபீஸ் விஷயத்தை நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். சித்தியிடம் சொல்ல முடிந்தது என்னிடம் முடியவில்லையே என்பதுதான். ஐந்து வருட ரினிவலை நான் கட்டுகிறேன், கோபப்படாதே.

அந்த பிட்லியை எடுத்துவிடு. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பிடிஎஃபை எனக்கு அனுப்பு. பேச வேண்டாம், அனுப்பினால் போதும். என் பழைய போனிலும் அம்மா போனிலும் ஸ்கேன் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா