ஷாங்காயில் கோபுரங்கள் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஷாங்காய் பயணப் படங்கள் அழகுதான், ஆனால் அத்தனையும் ஆற்றின் இக்கரையில் நின்று அக்கரையிலுள்ள புடோங் பகுதியின் கோபுரங்களை எடுத்தவை. 1990 வாக்கில் வயலும் கிடங்குமாகக் கிடந்த அக்கரையில் இன்று 632 மீட்டர் ஷாங்காய் டவர் நிற்கிறது. சரி, இக்கரையில் என்ன ஆனது? கல் வாசல் வைத்த ஷிகுமென் வீடுகள், குறுக்கே மூங்கில் கழிகளில் காயும் துணிகள், வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டிகள் என்றிருந்த சந்துகள் வரிசை வரிசையாக இடிபட்டுவிட்டன, மிஞ்சியதில் சில ஷின்தியான்தி என்ற பழைய சந்துப் பகுதியைப் போல காபிக் கடைகளாகிவிட்டன. தனிக் கழிப்பறைகூட இல்லாத வீட்டை விட்டு அடுக்ககத்துக்குப் போனவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இருக்கிற சந்துகளையாவது உடனே படம் எடுக்க வேண்டும். அடுத்த முறை அவற்றையும் போடுங்கள், எடுத்த ஆண்டும் தெருப் பெயரும் சேர்த்து.