தூக்கத்திலும் சாதகம்

அன்புள்ள கோமதிக்கு,

பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் கண் நிறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

இங்கே ஒரு புதுச் செய்தி. ஆனி மாதத்திலிருந்து வீணை கற்றுக்கொள்கிறேன், 58 வயதில்! இடது கை விரல் நுனியில் தந்தியின் கோடு பதிந்துவிட்டது.

ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக, வாசிக்கும்போது இடது கை வீணைத் தண்டின் மெட்டுக் கட்டைகளில் ஓடிவிடும், வலது கை மீட்டு பின்தங்கும். பக்கத்தில் இருக்கும் தாளத் தந்தியைத் தொட வேண்டிய சுண்டுவிரல் அசையவே அசையாது. நான்கு நாள் இதே பாடு. ஐந்தாம் நாள் காலையில் எடுத்து வாசித்தால், தடுக்கிய இடம் தடுக்கவில்லை! டீச்சரிடம் சொன்னேன். "ராத்திரி தூங்கினீங்கல்ல, அதுவும் சாதகம்தான்மா" என்றார். பயிற்சியை அவர் சாதகம் என்றுதான் சொல்வார்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், விசைப்பலகையின் விசைகளை ஒரு வரிசையில் விரல்களால் தட்டப் பழக்கியிருக்கிறார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்ததும் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது, பிழை கூடவில்லை. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தபோது அந்த ஏற்றம் இல்லை. அதிலிருந்து, வராத இடத்தை இரவு பத்து மணி வரை இழுத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பியானோ வாசித்தே பழகாத பெரியவர்களுக்கு ஒரு கைப் பயிற்சி, தினம் 2 மணி நேரம், 5 நாள். 1995-இல் வெளியானது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதி அவர்களுக்கு விரிந்திருந்தது. விரலை அசைக்காமல் மனத்துக்குள்ளேயே வாசித்துப் பார்த்தவர்களுக்கும் விரிந்ததாம்! கையால் பழகியவர்கள் மூன்றாம் நாள் எட்டிய தேர்ச்சியை இவர்கள் ஐந்தாம் நாள் எட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, சரளிக்கு அடுத்த பாடமான ஜண்டை வரிசையை மனத்துக்குள் வாசிக்கிறேன்.

'இந்த வயசில் விரல் வளையுமா' என்று நீ கேட்பாய். சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு அனுகூலம் அதிகம்தான். தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான இடம் பெரிதாக இருக்கும்; சீக்கிரம் தொடங்கியிருந்தால் இன்னும் பெரிதாக. ஆனால் ஐந்தே நாளில் மாறியதும் பெரியவர்களின் மூளைதானே, கோமதி?

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நாம் இருவரும் நின்று கேட்டது நினைவிருக்கிறதா? தை பிறந்ததும் வா. பத்து நாளாவது தங்கு. வீணை ஒன்றுதான் இருக்கிறது. காலையில் நீ வாசி, சாயங்காலம் நான்.

அன்புடன்,
ராஜி