நித்யாவின் ஏர் பியூரிஃபையர்

மயூர் விஹார், டெல்லி
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள விஜி,

நித்யாவிடம் கொடுத்தனுப்பிய வேப்பிலைக்கட்டி வந்து சேர்ந்தது. இவர் இப்போது மோர்சாதம் என்றாலே அதைத்தான் தேடுகிறார். உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள், சீரியல் எங்கேயும் ஓடிப்போகாது.

கந்த சஷ்டிக்கு இங்கே மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். தீபாவளி முடிந்த கையோடு வருகிற விசேஷம் என்பதால் இங்கே அது புகை உச்சத்தில் இருக்கும் நேரம். பட்டாசு ஒரு பக்கம், பஞ்சாப் ஹரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துவது ஒரு பக்கம், வண்டிப் புகை வருஷம் முழுக்க. குளிர் வந்ததும் காற்றும் அசையாது, பானைக்கு மூடி போட்ட மாதிரி எல்லாம் கீழேயே தங்கிவிடும். படி ஏறி முடிப்பதற்குள் இவருக்கு இருமல் வந்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நொய்டாவில் நித்யாவின் ஏர் பியூரிஃபையரில், அதுதான் அறைக் காற்றைச் சுத்தம் செய்கிற மிஷினில், சிவப்பு விளக்கு எரிகிறது, ஃபில்டரை எடுத்துக் கழுவிவிடலாமா என்று கேட்டிருந்தாய். எதைக் கழுவுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வெளியே தெரிகிற வலை இருக்கிறதே, அதைக் கழுவலாம். தலைமுடி, பஞ்சு, பெரிய தூசி எல்லாம் அதில்தான் சிக்கும். இந்த சீசனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டச் சொல். ஈரத்தோடு மாட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து அறை முழுக்க மக்கிய வாடை வரும்.

அதற்குப் பின்னால் விசிறி மடிப்பாகக் காகிதம் போல இருப்பது ஹெப்பா ஃபில்டர். அதில் தண்ணீர் படவே கூடாது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு வைத்திருக்கும் கணக்கு. சல்லடை மாதிரி சலித்துப் பிடிப்பதில்லை, மெல்லிய இழைகளில் துகள் போய் ஒட்டிக்கொள்கிறது. பல ஃபில்டர்களில் இழைக்கு மின்னேற்றமும் கொடுத்திருப்பார்கள். நனைத்தால் அது போய்விடும், இழைகளும் குலைந்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை மட்டும் செய்யாது. எங்கள் மாடிவீட்டுக்காரர் அப்படித்தான் சோப்பு போட்டு அலசி, பால்கனியில் காயவைத்து, ரீசெட் பட்டனையும் அழுத்திவிட்டார். விளக்கு பச்சையாகிவிட்டது. அறைக்குள் பிஎம் 2.5 என்கிற நுண்துகள் அளவு மட்டும் 150க்குக் கீழே இறங்கவே இல்லை. நம் அரசாங்கமே ஒரு நாள் சராசரி 60க்குள் இருக்க வேண்டும் என்கிறது!

அந்த விளக்கையும் ரொம்ப நம்பாதே. பல மாடல்களில் அது மிஷின் ஓடிய மணிக்கணக்கை எண்ணுகிறதே தவிர, எவ்வளவு அழுக்கு சேர்ந்தது என்று பார்ப்பதில்லை. நவம்பரில் நொய்டாவில் ஓடிய ஒரு மணியும் ஜூலையில் கும்பகோணத்தில் ஓடிய ஒரு மணியும் அதற்கு ஒன்றுதான். நான் செய்வது வேறு. புது ஃபில்டர் போட்டதும் கதவு ஜன்னலைச் சாத்தி, வேகத்தைக் கூட்டி வைத்து, அறையில் 200 இருப்பது 50க்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். அதே மாதிரி புகை உள்ள இன்னொரு நாளில் அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக் காகிதம் கன்னங்கரேல் என்று ஆனதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வாசனையைப் பிடிக்கிற கரி ஃபில்டர் என்று இன்னொன்று இருக்கும், அது தீர்ந்தால் மிஷினிலிருந்தே நேற்றைய தாளிப்பு வாசனை வரும். அதையும் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

மிஷின் காட்டுகிற எண்ணே கன்னாபின்னாவென்று இருந்தால், துகளை அளக்கிற சென்சாரைப் பார்க்கச் சொல். பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காது குடையும் பட்ஸால் லென்ஸை லேசாகத் துடைத்தால் போதும். தண்ணீர், ஸ்பிரிட் ஒன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறாளாம், உன் பெண்தானே! போடட்டும். ஹாலில் போட்டுவிட்டு, மிஷின் இருக்கிற படுக்கையறைக் கதவைச் சாத்திவைக்கச் சொல். சாம்பிராணிப் புகை, தாளிப்பு எண்ணெய்ப் புகை இரண்டும் ஃபில்டருக்குச் சீக்கிரம் ஆயுளைக் குறைக்கும். அதற்காக எப்போதும் அடைத்தே வைக்கவும் கூடாது. நாம் விடுகிற கரியமில வாயுவை இந்த மிஷின் எடுக்காது. மதியம் வெளியே புகை கொஞ்சம் தணிந்திருக்கும்போது ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து மூடட்டும்.

அப்புறம் புது ஃபில்டர் வாங்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பாதி விலைக்கு ஆன்லைனில் கிடைப்பது ஓரத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று அந்தச் சந்து வழியாகவே போய்விடும், காசு தண்டம். வந்ததும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாளா என்று நீயே கேட்டுவிடு. உறையோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு! பழையதைத் தட்டி உதறாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்.

நீ ஜனவரியில் வருவதாக நித்யா சொன்னாள். வேண்டாம்டி, பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போடு. புகையும் குளிரும் குறைந்திருக்கும், ராஷ்டிரபதி பவன் தோட்டமும் அப்போது திறந்திருக்கும். டிக்கெட் போட்டதும் எழுது. வரும்போது இன்னொரு டப்பா வேப்பிலைக்கட்டி, இவர் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
சரோஜா