அடுப்படி நாற்று

கேத்தி, நீலகிரி,
ஜனவரி 19

கண்ணு,

நீ போன் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆபீஸில் வேலை அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கும்.

இங்கே ராத்திரியில் உறைபனி. நேற்று விடியலில் கொல்லைப் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவரைக்கொடி கருகிவிட்டது. தக்காளியும் மிளகாயும் இந்த வருஷமும் அடுப்படியில்தான். ஐஸ்கிரீம் டப்பா அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் மட்கின சாணமும் கலந்து, கால் அங்குல ஆழத்தில் விதைத்தேன். தக்காளி ஏழாம் நாள் தலை தூக்கியது, விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு. மிளகாய் இன்னும் அசையவில்லை.

தீபாவளிக்கு எடுத்துப்போன விதையைப் போட்டாயா? டில்லிக் குளிருக்கும் வீட்டுக்குள்தான் வைக்கணும். முளைத்ததும் ஜன்னலுக்கு மாற்று, இல்லாவிட்டால் வெளிச்சம் தேடி நீண்டு துவண்டுவிடும். தினமும் டப்பாவைத் திருப்பி வை. தண்ணீர் அதிகம் ஊற்றாதே. ஈரம் தேங்கினால் தண்டு மண்ணோடு ஒட்டின இடத்தில் நூலாக இளைத்து, ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். கேரட்டை மட்டும் டப்பாவில் போடாதே, பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டை விழும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் வெளியே, ராத்திரி உள்ளே. மறுபடி சொல்கிறேன், தண்ணீர் அதிகம் ஊற்றாதே.

உனக்கு ப்ரமோஷன் வந்ததை பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னேன். அந்தச் சேதியையும் உன் அத்தை மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தீபாவளிக்குத் தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். சரி.

ஒன்று சொல்லணும். ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலிலிருந்து, "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். உனக்குப் பதில் போட்டேன்; மழை, கிழங்கு விலை, மாடு கன்று போட்டது, எல்லாம் எழுதினேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. அப்புறம் நீ அப்படி எழுதவே இல்லை. பிள்ளை பழகிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தக் கடிதம் இன்னும் விதை டின்னுக்குள் இருக்கிறது. இந்த மாதம் விதை எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது.

வெயில் வருகிறதென்று டப்பாக்களை உன் ரூம் ஜன்னலில் வைத்திருக்கிறேன். நீ வந்தால் எடுத்துவிடுவேன். எத்தனை மணி ரயிலானாலும் சொல், கோயம்புத்தூருக்கே வந்து நிற்கிறேன். எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா